படத்துக்குப் பின்னால் எழுத்து

விக்கிரமசிங்கபுரத்தில் பொய்யர்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. அவர்களுக்குள்ளும் குற்றாலலிங்கத்துக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. அவர் பொய் யாருக்கும் கெடுதல் செய்யாது. எத்தனை தடவை துவைத்தாலும் சாயம் போகாது. பாணதீர்த்தத்தில் தான் குளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பாறையில் சிறுத்தை வந்து உட்கார்ந்ததாகவும், 'முதுகு தேய்க்கணுமா' என்று தான் மரியாதைக்குக் கேட்டதாகவும், அது வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டதாகவும் சொல்வார். கேட்டவர்கள் சிறுத்தைக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அந்த மனிதர் பொய் சொன்னதில்லை. நிறம். மில்லில் சாயப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் நிறம் ஒத்துப் பார்த்தவர். இரண்டு நூல்கண்டுகளைக் கையில் கொடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, 'ஒண்ணு மாம்பிஞ்சு, ஒண்ணு மாம்பிஞ்சுக்கு மறுநாள்' என்பார். இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். வீட்டிலும் அதே பேச்சுதான். நீலாம்பாள் வைத்த குழம்பு செங்கல் நிறமா, மாதுளந்தோல் நிறமா என்று சொன்ன பிறகுதான் முதல் கவளம் வாய்க்குப் போகும். காய்ச்சல்காரன் முகத்தைப் பார்த்தால் 'கோரா நூலா இருக்கான்' என்பார். கோரா என்றால் வெளுக்காத, சாயமேறாத வெறும் நூல். மில்காரன் பெண்டாட்டிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நீலாம்பாளுக்குக் கண் போய் இரண்டு வருடம் ஆகிறது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்றார்கள், இரண்டு முறை கத்தி வைத்தார்கள், கடைசியில் வெளிச்சமும் இல்லாமல் போயிற்று. ஒரே மகன் குமரகுருபரன் அதற்குச் சற்று முன்புதான் சிகாகோவுக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் விமானம் ஏறிய அன்று அவன் சட்டை நீலமாக மங்கித் தெரிந்தது. அதுதான் அவள் கடைசியாகப் பார்த்த மகன். 'என்ன நீலம்?' என்று அப்புறம் பல நாள் கேட்டாள். 'மயில்கழுத்துக்குச் சாயத்துல ஒரு முக்கு கம்மி' என்று அவர் சொன்னார். அது சத்தியமான நிறம்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். குமரு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டு, வாரம் ஒரு படம் ஒட்டுகிறான். அதைப் பார்க்கத்தான். ஜன்னலோரம் நீலாம்பாளுக்கு. அம்பாசமுத்திரத்தில் நெல் அவிக்கிற வாடை வந்ததும் 'அம்பை வந்துட்டு' என்பாள். சேரன்மகாதேவியில் வயக்காட்டு ஈரக்காற்று முகத்தில் அடித்ததும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, 'இட்லி திங்கியளா?' என்பாள். மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் பொதிந்த இட்லி மடியில் சூடு ஆறாமல் இருக்கும்.

பாக்கியசீலனின் பிரவுசிங் சென்டர், மருந்துக்கடை மாடியில் இருந்தது. போன வருடம்வரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்த இடம். மிஷின்களை விற்றுவிட்டு நாலு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு, இடையில் பிளைவுட் பலகை அடித்திருந்தார். நாற்காலிகள் மட்டும் பழசு. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு தானாக நிமிர்ந்து பரீட்சைக்குத் தயாராகும்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. படத்தை எல்லாம் காலையிலேயே எறக்கி வச்சாச்சு. ஒங்க பையன் படம் ஒண்ணு எறங்குததுக்குள்ள நான் ஜெபக்கூட்டம் முடிச்சிட்டு வந்திருதேன்" என்பார் பாக்கியசீலன். நீலாம்பாள் கொண்டுவந்த தேங்காய்ப்பால் முறுக்கு டப்பாவை வாங்கி வைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு தனிக்கவலை இருந்தது. திசையன்விளையில் ஒரு கருப்பட்டி வியாபாரிக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தார். கருப்பட்டி படம், சில்லுக்கருப்பட்டி படம், வியாபாரியின் படம், அவர் தகப்பனார் மாலை போட்ட படம். உலகத்தில் யார் எப்படித் தேடினாலும் அந்தக் கருப்பட்டி அகப்படவில்லை. வியாபாரி வாரம் ஒருமுறை வந்து, 'என்னவே, அமெரிக்காக்காரன் ஒருத்தனும் கடைப்பக்கம் வரலியே' என்று கேட்டுவிட்டுப் போனார். பாக்கியசீலன் குமருவுக்கு மெயில் போட்டுக் கேட்டதற்கு இப்படிப் பதில் வந்தது:

'அண்ணாச்சி, தேடுற மிஷினுக்குக் கண்ணு கிடையாது. எங்கம்மா மாதிரின்னு நினைச்சுக்கோங்க. படத்தைக் காட்டி என்ன செய்ய? ஒவ்வொரு படத்துக்கும் பின்னால அது என்னன்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க. எங்கம்மாவுக்குப் புரிஞ்சா மிஷினுக்கும் புரியும். படத்தையும் சின்னதாக்குங்க. அந்த ஆள் மீசை ஒண்ணுதான் தெரியுது, மிச்சம் எறங்கல.'

குமருவுக்கு ஆபீசில் வேலையே அதுதான். கம்பெனிகளின் பக்கங்களில் உள்ள படங்களுக்குச் சொல் எழுதுவது. கண் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர் அந்தச் சொல்லை உரக்க வாசித்துக் காட்டுமாம். ஜூனில் அப்பாவுக்கு எழுதிய கடிதத்திலும் அதைச் சொல்லியிருந்தான்: 'நான் போடுற படத்துக்கெல்லாம் பின்னால அம்மாவுக்குன்னு எழுதியிருக்கேன். கடையில வாசிக்கிற கம்ப்யூட்டர் இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா கடை அண்ணாச்சியை வாசிக்கச் சொல்லுங்க. அவருக்கு அது எங்க இருக்குன்னு தெரியும்.'

கடிதத்தைக் குற்றாலலிங்கம் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முதல் சனிக்கிழமை, யாரும் கவனிக்காதபோது கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் எட்டியும் பார்த்தார். ஒயரும் ஒட்டடையும் ஒரு பல்லியும் இருந்தன. பல்லி அவரைப் பார்த்தது, வாசிக்கவில்லை. பாக்கியசீலனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மிஷின் எதற்கு, அடுத்தவன் எதற்கு? நிறம் சொல்வதற்கு முப்பத்துநாலு வருட அனுபவஸ்தன் நான் இருக்கேன்லா என்றிருந்தது அவருக்கு.

அதற்குள் அவருக்கு வேறொரு சோலியும் வந்திருந்தது.

மே மாதக் கடைசியில் எதிர்வீட்டு பியூலா டீச்சர் வீட்டுக்கு போன் வந்தது. குமருதான். நீலாம்பாள் குளித்துக்கொண்டிருந்ததால் இவர் மட்டும் போய் எடுத்தார். ரத்தத்தில் புற்று என்றான். ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டானாம், நல்ல வைத்தியமாம், கம்பெனி பார்த்துக்கொள்கிறதாம், கூடத் தங்கியிருக்கிற தெலுங்குக்காரன் சோறு கொண்டுவருகிறானாம். 'அம்மாட்ட நீங்க சொல்லாண்டாம்பா. நானே பைய சொல்லிக்கிடுதேன்' என்றான். இவர் 'சரிலே' என்றார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார், அது போலீஸ் விசாரணைக்குப் போய் அங்கேயே குடியிருந்தது.

நானே சொல்லுதேன் என்றவன் சொல்லவே இல்லை என்றுதான் அவர் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவும் மகனும் சாப்பாடு, குளிர், தூக்கம் என்று பேசுவார்கள், சிரிப்பார்கள். 'என்ன கொரலு கம்முது?' என்று அவள் கேட்டால், 'சளிம்மா' என்பான். அவன் சொல்லுகிறவரை தாம் எதையும் உடைக்கக் கூடாது. ஆகவே பிரவுசிங் சென்டர் நாற்காலியில் பரீட்சைக்காரனாக நிமிர்ந்து உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாக நிறத்தில் பொய் சொல்ல ஆரம்பித்தார்.

"எப்படி இருக்கான்?"

"எப்படி இருக்கானா! தின்னு கொழுத்துப்போய்க் கெடக்கான். சட்டை பட்டன் தெறிச்சு நம்ம மேல விழுந்துரும் போலிருக்கு. நீ கொஞ்சம் தள்ளி உக்காரு."

"போங்க. நெறம்?"

"நல்ல சந்தன நெறம். மேல்துண்டு மாதிரி மினுக்குதான்."

"முடி?"

முடி முதல் வாரத்தில் இருந்தது. மூன்றாம் வாரத்தில் இல்லை. திரையில், கழுத்து நீண்டு, கண்ணுக்குக் கீழே கருகி, மொட்டைத் தலையோடு, கட்டிலில் சாய்ந்துகொண்டு மகன் சிரித்தான்.

"முடியா? காது மறைய வளத்து வச்சிருக்கான். அசல் கூத்துக்காரன். அந்த ஊருல நாவிதரே கிடையாது போலிருக்கு."

"வெட்டச் சொல்லணும்" என்பாள் நீலாம்பாள். கையை நீட்டித் திரையைத் தொடுவாள். திரைக் கண்ணாடியில் நிற்கிற மின்சாரம் அவள் விரலில் பொரிந்து சின்னதாக ஒரு அடி வைக்கும். "ம். அடுத்தது."

பின்னால் நின்று பாக்கியசீலன் படத்தைப் பார்ப்பார்; குற்றாலலிங்கத்தைப் பார்ப்பார்; முறுக்கை மெல்லாமல் வாயிலேயே வைத்திருப்பார். முதல்முறை இவர் சொன்னதைக் கேட்டதும் அவரைப் படிக்கட்டில் மடக்கி, "அண்ணாச்சி, தம்பிக்கு என்ன?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லவே. அந்த ஊரு தண்ணி சேரல" என்றார் இவர். அந்தப் பொய்யை மட்டும் பாக்கியசீலன் நம்பவில்லை. ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. சபையில் தினமும் குமருவின் பெயரையும் சேர்த்து ஜெபித்தார்.

இப்படி ஐந்து மாதம் ஓடியது.

கார்த்திகை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. ஆற்றுப்பாலத்தில் பஸ் ஊர்ந்து போனது. தாமிரபரணி செம்மண் கரைத்து ஓடியது. 'என்ன நெறம்?' என்று அவள் கேட்டாள். 'சுக்குக்காப்பி' என்றார். உண்மை.

மாடியில் ஈரக்குடைகளுக்கு நடுவே பாக்கியசீலன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"காலையிலேர்ந்து லைன் சவம் அத்து அத்துப் போகுது அண்ணாச்சி. ஒரு படமும் எறங்கல. இப்பத்தான் வந்துச்சு, அதும் நூல் மாதிரி."

"அப்பம் இன்னைக்குப் பாக்க முடியாதா தம்பி? ரெண்டு பஸ் மாறில்லா வந்திருக்கோம்" என்றாள் நீலாம்பாள்.

"ஒண்ணு செய்யலாம் மதினி. படம் வரவேண்டாம்னு நிறுத்திட்டா பக்கம் மட்டும் வந்திரும். ஆனா வெறும் கட்டம்தான் தெரியும். அதை வச்சு என்ன செய்ய?"

குற்றாலலிங்கத்துக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. படத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்வதில் உள்ள கஷ்டம் கட்டத்தைப் பார்த்துச் சொல்வதில் இல்லை. "நிறுத்தும்வே. கட்டம் வந்தாப் போதும். எனக்குக் கொஞ்சம் தெரிஞ்சா மிச்சத்தைச் சொல்லிருவேன்" என்றார்.

பாக்கியசீலன் எங்கேயோ தட்டினார். பக்கம் வந்தது. ஒன்றின்கீழ் ஒன்றாகச் சாம்பல்நிறக் கட்டங்கள். வெறும் கட்டங்கள் இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆங்கில எழுத்தில் பொடிப்பொடியாகத் தமிழ்.

"அட, தம்பி நமக்குச் சொன்ன வேலையை அவனும் செஞ்சிருக்கான் பாருங்க! படத்துக்குப் பின்னால எழுத்து! படம் இருந்தா இது தெரியாது, படம் இல்லன்னா எழுத்து முன்னால வந்திரும். மதினிக்குன்னே எழுதியிருக்கான்." கருப்பட்டிக்குக் கிடைக்காத பாக்கியம் கண்முன் வந்த சந்தோஷத்தில், பாக்கியசீலன் குனிந்து, எழுத்துக்கூட்டி, சபையில் வேதபாடம் வாசிக்கிற குரலில் மேல்கட்டத்தை வாசித்தார்:

"'அம்மா, இது நான். தலையில கம்பளித் தொப்பி. ஆஸ்பத்திரி ஜன்னல் ஓரம் உக்காந்திருக்கேன். வெளியே மரத்துல ஒரு இலை இல்ல, என் தலை மாதிரியே. அடுத்த வாரம் வேற மருந்து ஆரம்பிக்காங்க. இதுதான் கடைசி மருந்துன்னு...'"

நிறுத்தினார். நிறுத்தின பிறகுதான் தான் வாசித்தது அவருக்கே கேட்டது.

மழை தகரத்தில் கொட்டியது. பக்கத்துப் பலகைத் தடுப்புக்குள் யாரோ மவுசைத் தட்டுகிற சத்தம்.

"அது வந்து நீலா..." என்றார் குற்றாலலிங்கம். "அது வேற யாரோ... ஆபீசுல ஒரு பய..." சிறுத்தைக்கு முதுகு தேய்க்க முன்வந்த வாய் அதற்கு மேல் ஓடவில்லை.

நீலாம்பாள் அவர் பக்கம் திரும்பவில்லை. "தம்பி, எத்தனை கட்டம் இருக்கு?"

"இருபதுக்கு மேல இருக்கும் மதினி."

"மொத படத்துலேர்ந்து வாசிங்க."

"மதினி, நான்..."

"வாசிங்க தம்பி. எனக்கு எழுதினதுதானே."

முதல் படம் அடியில் இருந்ததால் பாக்கியசீலன் பக்கத்தைக் கீழே இறக்கினார். இந்த முறை வேதபாடக் குரல் வரவில்லை.

"'அம்மா, பயப்படாத. ஒன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன். போன்ல சொன்னா நீ அழுறது கேக்கும், எனக்குத் தாங்காது. அதனாலதான் இங்க எழுதுதேன். எனக்கு ரத்தத்துல புத்து...'

"'முடி கொட்ட ஆரம்பிச்சிட்டு. காலையில தலையணையில ஒரு கோழிக்குஞ்சு அளவுக்குக் கெடந்துச்சு. எனக்குச் சின்னப்புள்ளையில நீ எண்ணெய் தேச்சு வளத்த முடி.'

"'போன ஞாயித்துக்கெழமை போன்ல, "ஏலே, என்ன கூத்தாடி மாதிரி முடி, ஒட்ட வெட்டு"ன்னு சொன்னியே! இந்த மொட்டையைப் பாத்துமா கேலி! சிரிச்ச சிரிப்புல நர்ஸ் ஓடி வந்துட்டா. எங்கம்மா எனக்குத் தைரியம் சொல்லுதான்னு சொன்னேன். நீ இப்படிப் பேசுதவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா.'"

குற்றாலலிங்கம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். காது மறைய முடி என்று தாம் சொன்ன பொய் கடல் தாண்டிப் போய் அங்கே மகனுக்கு மருந்தாகியிருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கட்டங்கள் வந்தன. வாராவாரம் எழுத்து குறைந்துகொண்டே வந்தது. மறுபடி மேல்கட்டம். பாக்கியசீலன் விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

"'...இதுதான் கடைசி மருந்துன்னு டாக்டர் சொல்லுதார். நீ இன்னும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிய. கோவமா? பரவால்லம்மா. கேட்டா நான் ஒடைஞ்சிருவேன்னுதான கேக்காம இருக்க. ஆனா ஒரு தடவை கேளேன்.'"

அவ்வளவுதான்.

நீலாம்பாள் எழுந்தாள். "கீழ போன் இருக்குல்லா?"

"அங்க இப்பம் ராத்திரி பதினொண்ணு தாண்டியிருக்குமே" என்றார் குற்றாலலிங்கம்.

"ஆஸ்பத்திரியில ராத்திரி யாரு தூங்குதா? நம்பர் ஒங்ககிட்டதான இருக்கும். போடுங்க."

மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கண்ணாடிக்கூண்டில் இரண்டு பேர் நிற்க இடமில்லை, நின்றார்கள். அவர் விரல் இரண்டு தடவை தப்பாகப் போட்டது. மூன்றாம் தடவை மணி அடித்தது. இங்கிலீஷில் ஒரு பெண் பேசினாள், அறை எண்ணைச் சொன்னார், பிறகு 'ஹலோ' என்று ஒரு காய்ந்த குரல். ரிசீவரை அவள் காதில் வைத்தார்.

"குமரு. அம்மாதான்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டான்.

"ஒண்ணுமில்லய்யா. தலை குளிருதா?"

ரிசீவரிலிருந்து அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற குற்றாலலிங்கத்துக்கும் கேட்டது. இருபத்தேழு வயது ஆண்பிள்ளை ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்தது. நீலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, "அழு ராசா, அழு. அம்மா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இங்கனதான் நிக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவரைக் காட்டிக்கொடுக்கிற ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில், ஏசுவாள், ஏசிவிட்டால் நல்லது என்று அவர் காத்திருந்தார். சேரன்மகாதேவியில் ஈரக்காற்று அடித்தது. அவள் பொட்டலத்தைப் பிரித்து, "இட்லி திங்கியளா?" என்றாள். அவர் கையில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "அஞ்சு மாசமா புள்ள ஒத்தையில பேசிக்கிட்டு இருந்திருக்கான்."

அவ்வளவுதான் அவள் ஏசியது. அவர் இட்லியைத் திரும்ப இலையில் வைத்து மடித்தார்.

அதன் பிறகு பதினோரு நாள். தினமும் காலையில் பியூலா டீச்சர் வீட்டில் போன் மணி அடித்தது. வலி எங்கே, வாய்ப்புண் ஆறிற்றா, ராத்திரி பயமாக இருந்ததா என்று அவள் எல்லாம் கேட்டாள். ஒளிக்காமல் அவனும் சொன்னான். கடைசி மூன்று நாள் அவன் பேசவில்லை. தெலுங்குக்காரன் ரிசீவரை அவன் காதில் வைத்திருந்தான், இவள் பேசினாள். பன்னிரண்டாம் நாள் தெலுங்குக்காரன்தான் பேசினான். கம்பெனி உடலைப் பெட்டியில் வைத்து அனுப்பியது. பாபநாசத்துப் படித்துறையில் சாம்பல் கரைத்தபோது ஆறு தெளிந்திருந்தது. என்ன நிறம் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தை பிறந்து ஒரு சனிக்கிழமை காலை, நீலாம்பாள் இட்லி அவித்து இலையில் பொதிந்து, சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க?"

"பாளையங்கோட்டைக்கு."

"இனிமே அங்கன என்ன இருக்கு நீலா?" என்றார்.

"படம் இருக்கும்லா? அவன் சொன்னதைக் கேட்டாச்சு. நீங்க இன்னும் ஒரு படத்தையும் எனக்குச் சொல்லலியே."

மாடியில் பாக்கியசீலன் எழுந்து நின்றார். படங்களை எல்லாம் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தார். இந்த ஏழு சனிக்கிழமையும் இறக்கித்தான் வைத்திருந்தாராம். முதல் படத்தைத் திறந்துவிட்டு, முறுக்கு டப்பா இல்லாத கையோடு படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

குற்றாலலிங்கம் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு நிமிரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"சட்டை இல்ல. ஆஸ்பத்திரி அங்கி. இளம்பச்சை. துவைச்சுத் துவைச்சு வெளிறிப்போன பச்சை."

"ம்."

"கழுத்தெலும்பு தெரியுது. கையில ஊசி ஏத்தி ஒட்டுப் போட்டிருக்கு. அந்தக் கையைத்தான் தூக்கி ஒனக்கு டாட்டா காட்டுதான்."

"எந்தக் கை?"

"எடது கை."

"நெறம்?"

ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளிச்சம் போதுமானதாக இருந்தது. திரும்பித் திரையை நெருங்கி, நூல்கண்டை ஒத்துப் பார்க்கிற மாதிரித் தலையைச் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார்.

"கோரா" என்றார்.

நீலாம்பாள் கையை நீட்டித் திரையைத் தொட்டாள். கண்ணாடி பொரிந்தது. கையை எடுக்கவில்லை.

"ம்" என்றாள். "அடுத்தது."